தொடக்க அமைப்பை எங்கே எழுதி வைப்பது?
நிரல்மொழிகளின் இயல்பிருப்பும் தமிழ்ப் பெயர்களும்

ஒரு நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே சில முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்ளலாம், எச்சரிக்கைகளைக் காட்ட வேண்டுமா, கோப்பில் கிடக்கும் பைட்டுகளை எந்த எழுத்தாகப் படிப்பது என்பதையெல்லாம் அந்த மொழியின் இயக்கச் சூழலான ரன்டைம் தீர்மானிக்கிறது. யாரும் எதுவும் சொல்லாதபோது அது எடுத்துக்கொள்ளும் முடிவைத் தமிழ்க் கணிமையில் இயல்பிருப்பு என்கிறோம். அந்த இயல்பிருப்பு நமக்கு ஒத்துவரவில்லை என்றால், மாற்றத்தை எங்கே எழுதி வைத்தால் அது நிலைத்து நிற்கும்? பெர்ல், பைத்தான், ஜாவா, ரூபி, ஆர் என ஒவ்வொரு மொழியும் இதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறது. சொன்ன விடையைத் திரும்பப் பெற்ற மொழியும் உண்டு.

மலேசியாவின் சிரம்பான், அம்பாங்கான் வட்டார ரப்பர் தோட்டங்களின் பழைய நடைமுறையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமாக இராது. விடியற்காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டில் அன்றைய வேலை சொல்லப்படும்: எந்த நிரையில் யார் பால் வெட்டுவது, யார் புல்லு வெட்டுவது என்று. சம்பள நாளை யாரும் தினமும் பெரட்டில் சொல்வதில்லை. அது தோட்டத்தின் நிலையான விதி. எது பெரட்டில் சொல்ல வேண்டியது, எது விதியாக இருக்க வேண்டியது என்ற பிரிவினைதான் நிரல்மொழிகளிலும் முப்பது ஆண்டுகளாகத் தீராமல் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தப் பெரிய கேள்வியை ஒரு குறிப்பிட்ட அமைப்பை முன்வைத்து அணுகுகிறது: எழுத்துக் குறியேற்றம், அதாவது பைட்டுகளை எழுத்துகளாகப் படிக்கும் முறை. தமிழர்களுக்கு இதில் நேரடியான இழப்பு இருக்கிறது. தோட்டத்துக் கிராணி தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதிய பெயரே பல குடும்பங்களுக்குப் பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் நிலைத்துவிட்டது. அப்பா பெயர் ஒரு விதமாகவும் மகன் ஆவணத்தில் வேறு விதமாகவும் இருப்பதை மலேசியத் தமிழர்களிடம் விளக்கத் தேவையில்லை. பெயரைத் தமிழிலேயே எழுதி வைக்கக் கணினி இடம் கொடுத்திருக்கும் இந்தக் காலத்தில், ஒரு தொடக்க அமைப்பின் பிழையால் அந்தப் பெயர் மறுபடியும் சிதைவதைச் சிறிய விஷயமாக விட்டுவிட முடியாது.

முத்துவும் மாலாவும்

அம்பாங்கானில் ஒரு தமிழ் வகுப்புக்கான பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். கோப்பு ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. கணினியில் விண்டோஸ், மலாய் அல்லது ஆங்கில அமைப்பில். இரண்டிலும் விண்டோஸின் பழைய நிரல்களுக்கான எழுத்து அட்டவணை ஒன்றே: மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட 1252 என்ற குறிப்பக்கம். இந்த இடத்தில் தேர்ந்தெடுக்கத் தமிழுக்கென ஒரு குறிப்பக்கம் விண்டோஸில் இல்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோதே ஒருங்குறி வழியாக மட்டும்தான் வந்தது. ஆகவே கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை இங்கே உதவாது.

யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். 'அ' என்பது 224, 174, 133. இவற்றை 1252 அட்டவணைப்படி படித்தால், மேலே சாய்கோடு உள்ள ஒரு லத்தீன் எழுத்தும், வட்டத்துக்குள் உள்ள வணிகக் குறியும், முப்புள்ளியும் வரும். இந்தக் குப்பையைப் பார்க்காத தமிழ் நிரலர் அநேகமாக இருக்க மாட்டார்.

ஆனால் 1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. தமிழுக்கு இது முக்கியம். புள்ளியின் கடைசி பைட் 141. உகரக் குறியின் கடைசி பைட் 129. 'ஏ' 143இல் முடிகிறது, 'ஐ' 144இல். குறியேற்றத்தைச் சொல்லாமல் பைத்தானில் கோப்பைத் திறந்தால், மாலா, ராதா, சீதா, ரவி ஆகிய பெயர்கள் குப்பையாகவே என்றாலும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். அவற்றை அதே 1252 முறையில் திரும்ப எழுதினால் பைட்டுகள் பழையபடியே அமையும், கோப்பும் சரியாகவே தெரியும். நிரல் எழுதியவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்புவார். நான்கு குறியீடு கொண்ட 'மாலா' உள்ளே பன்னிரண்டாக எண்ணப்படுவதை அவர் கவனிக்கக் காரணமே இருக்காது. பட்டியலில் முத்து சேரும் நாளில்தான் நிரல் பிழை சொல்லி நிற்கும்.

நிற்பதாவது நல்லது. பழைய ஜாவா நிற்காது. 18ஆம் பதிப்புக்கு முந்தைய ஜாவாவில், இதே கணினியில், குறியேற்றம் சொல்லாமல் 'மாலா' என்று கோப்பில் எழுதினால் நான்கு கேள்விக்குறிகள் பதிவாகும். பிழைச் செய்தி கிடையாது. பெயர் போனது போனதுதான்.

எழுத்துரு ஆண்ட காலம்

ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் கணிமையில் இந்தச் சிக்கல் ரன்டைமில் இல்லை என்பது கவனிக்கத் தக்கது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல், பின்னால் வந்த தஸ்கி, 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி உருவான டாம், டாப் ஆகியவை ஒரு பைட் அளவிலான முறைகள். நிரல்மொழி பைட்டை வாங்கி அப்படியே கொடுத்துவிடும். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. இயல்பிருப்பு என்று ஒன்று இருந்ததென்றால் அது எழுத்துருவில் இருந்தது. ஒருவர் அனுப்பியது மற்றவரிடம் தெரியாமல் போனதற்கும் அதுவே காரணம். ஒருங்குறி அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. கூடவே பைட் வேறு, எழுத்து வேறு என்ற பிரிவை மொழிகளுக்குள் கொண்டுவந்தது. அந்தப் பிரிவு வந்த பிறகுதான் எந்த எழுத்துமுறை என்ற கேள்விக்கு ரன்டைம் ஒரு விடை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் உண்டானது.

முதல் விடை: ஒவ்வொரு முறையும் சொல்வது

மிகப் பழைய விடை இது. நிரலை அழைக்கும் கட்டளை வரியிலேயே அமைப்பைச் சேர்த்துவிடுவது. பைத்தானில் எக்ஸ் கொடியுடன் யுடிஎஃப்8, ஜாவாவில் ஃபைல்.என்கோடிங். கண்ணுக்குத் தெரியும் என்பது இதன் சிறப்பு. சுட்டியால் இருமுறை தட்டித் திறக்கும்போதும், இன்னொரு நிரல் இதை அழைக்கும்போதும் கட்டளை வரியை யாரும் தட்டச்சு செய்வதில்லை என்பது இதன் எல்லை. நிரந்தரம் என்ற தேவைக்கு இது விடையாகாது.

இரண்டாம் விடை: சூழல் மாறி

இயங்குதளம் ஒவ்வொரு நிரலின் கையிலும் கொடுத்தனுப்பும் குறிப்புச் சீட்டைச் சூழல் மாறி என்கிறோம். ஒருமுறை எழுதி வைத்தால் அதன்பின் தொடங்கும் எல்லா நிரல்களும் அதைப் படிக்கும். பெர்ல்5ஆப்ட், ரூபிஆப்ட், ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ், நோட்_ஆப்ஷன்ஸ் என ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் இப்படி ஒன்று உண்டு. பைத்தானில் விக்டர் ஸ்டின்னர் முன்மொழிந்த யுடிஎஃப்-8 நிலை 2018இல் 3.7ஆம் பதிப்போடு வந்தது. பைத்தான்யுடிஎஃப்8 என்ற மாறியில் 1 என்று எழுதினால் போதும். மேலே சொன்ன முத்து சிக்கல் அந்தக் கணினியில் தீரும். ஐந்து நிமிட வேலை. நடைமுறையில் பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுவதற்கு அந்த எளிமைதான் காரணம்.

இதன் பலவீனங்கள் மூன்று திசையிலிருந்து வருகின்றன. முதலாவது, சீட்டு கணினியோடு இருக்கிறது, நிரலோடு இல்லை. ஆய்வுக்கூடத்தின் ஒரு கணினியில் சரியாக ஓடிய நிரல் பக்கத்துக் கணினியில் நிற்கும். கணினியைத் துடைத்து மறுபடி நிறுவினால் சீட்டும் போகும். நிரலைப் படிக்கிற எவருக்கும் அது ஒரு சீட்டை நம்பி ஓடுகிறது என்பது தெரியாது. என் மதிப்பீட்டில் மூன்றிலும் கடுமையானது இதுதான், ஏனென்றால் நிரல் எழுதியவரின் கணினியில் மட்டும் இந்தப் பிழை ஒருபோதும் தெரியாது.

இரண்டாவது, சீட்டு எல்லோருக்கும் பொது. தமிழுக்காக மாற்றியது, அதே கணினியில் 1252 முறையில் எழுதப்பட்ட பழைய மலாய்க் கணக்குக் கோப்பைப் படிக்கும் வேறொரு நிரலையும் பாதிக்கக்கூடும். ஜாவாவில் வேறொரு பக்கவிளைவும் உண்டு. டூல் ஆப்ஷன்ஸ் மாறியை எடுத்துக்கொண்டதாக ஜாவா பிழை வழியில் ஒரு வரி எழுதும். அந்த வழியில் எது வந்தாலும் தோல்வி என்று கொள்ளும் தானியங்கி ஏற்பாடுகள் அந்த ஒரு வரியால் குழம்பும். ஜாவா 9இல் தனியாக இன்னொரு மாறி வந்தது. அதை ஜாவா என்ற கட்டளை மட்டுமே படிக்கும்.

மூன்றாவது பாதுகாப்பு. தொடக்கத்தில் எந்தக் குறிமுறையையும் ஏற்றச் சொல்லும் வல்லமை ஒரு மாறிக்கு இருந்தால், அதை எழுத முடிந்தவர் நிரலையே கைப்பற்றலாம். இதனால்தான் நோட் தன் மாறியில் அனுமதித்த கொடிகளை மட்டும் ஏற்கிறது, ஹாஸ்கெல்லின் ஜிஎச்சி தொகுத்த நிரல்கள் ஓடுநேர அமைப்புகளை இயல்பாகவே கட்டுப்படுத்துகின்றன, பைத்தானில் சூழல் மாறிகள் அனைத்தையும் புறக்கணிக்கச் சொல்லும் தனித்த நிலை இருக்கிறது. அந்தத் தனித்த நிலையில் ஓடும் பைத்தானுக்கு நாம் எழுதி வைத்த யுடிஎஃப்-8 சீட்டும் தெரியாது.

மூன்றாம் விடை: நிர்வாகியின் கோப்பு

பிஎச்பியின் பிஎச்பி.இனி, ஆர் மொழியின் ஆர்புரொஃபைல், பைத்தானின் சைட்கஸ்டமைஸ் ஆகியவை இந்த வகை. ஒரு நிறுவனத்துக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ ஒரே இடத்தில் ஒழுங்கு செய்ய இது வசதி. ஆனால் இதன் வரலாறு எச்சரிக்கை தருவது.

பிஎச்பியில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற அமைப்பு இயங்கினால், பயனர் அனுப்பும் எதுவும் நிரலின் மாறியாகவே மாறிவிடும். 2002இல் 4.2.0 பதிப்பில் அதை இயல்பாக அணைத்தார்கள். கோப்பில் ஒரு வரியால் மறுபடி இயக்கிக்கொள்ளலாம் என்பதால், ஒரே நிரல் ஒரு வழங்கியில் பாதுகாப்பாகவும் மற்றொன்றில் திறந்த வீடாகவும் இருந்தது. முழுதாக நீக்க 2012இன் 5.4 பதிப்பு வரை ஆயிற்று. ஆர் மொழியில் சரங்களைத் தானாக வகைகளாக்கும் இயல்பிருப்பைப் பலர் தங்கள் தொடக்கக் கோப்பில் அணைத்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஆய்வுக் குறிமுறை இன்னொருவர் கணினியில் வேறு விடை தரக்கூடியதாக ஆனது. 2020இன் 4.0.0 பதிப்பில் மொழியே தன் இயல்பிருப்பை மாற்றிக்கொண்டது.

பைத்தான் 2இன் கதை தமிழருக்கு நெருக்கமானது. அதன் இயல்பான குறியேற்றம் ஆஸ்கி, தமிழ் எழுத்து ஒன்றுகூட அதில் அடங்காது. அதை மாற்றும் ஒரு செயல்கூறு உள்ளே இருந்தது. ஆனால் தொடக்கத்தின்போதே சைட் என்ற கூறு அதை நீக்கிவிடும். சைட்கஸ்டமைஸ் கோப்பில் மட்டும் பயன்படுத்தலாம். அந்தச் செயல்கூறு அடங்கிய சிஸ் என்ற கூறினை மறுபடி ஏற்றி, நீக்கப்பட்டதை மீட்டெடுக்கும் இரண்டு வரித் தந்திரம் ஆங்கிலமல்லாத மொழிகளில் வேலை செய்தவர்களிடையே மந்திரம்போல் பரவியது. மொழியை வளர்த்தவர்கள் அதைத் தவறென்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஏனெனில் பிற நூலகங்கள் ஆஸ்கி என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. பயன்படுத்தியவர்களின் தேவையிலும் நியாயம் இருந்தது. தம் மொழிக்கு வழியில்லாத இயல்பிருப்பை ஒருவர் எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்வது?

அமைப்பைத் தொகுப்பிலேயே பதித்துவிடும் வழியும் உண்டு. காமன் லிஸ்ப்பின் எஸ்பிசிஎல், நினைவகத்தைக் கோப்பாகச் சேமிக்கும்போது தொடக்க அமைப்புகளையும் சேர்த்துப் பதிக்கவிடும். அதற்குப் பிறகு அந்த நிரல் ரன்டைமுக்கான கட்டளை வரிக் கொடிகளைப் பொருட்படுத்தாது. நிரலோடு பயணிக்கும் நிரந்தரம் என்றால் இதுதான். ஆனால் தொகுத்து வழங்கும் மொழிகளுக்கே இது பொருந்தும்.

நான்காம் விடை: மொழியையே மாற்றுவது

இயல்பிருப்பு தவறென்றால் அதையே திருத்திவிடலாமே என்பது நான்காம் தரப்பு. முதலில் துணிந்தது பெர்ல். 2002இல் வந்த 5.8.0, கணினியின் மொழியமைப்பு யுடிஎஃப்-8 என்றால் கோப்புகளையும் அப்படியே படிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ரெட்ஹேட் லினக்ஸ் 8 யுடிஎஃப்-8ஐ இயல்பாக்கியது. இரண்டும் சேர்ந்தபோது, எழுத்தே இல்லாத இரும நிலைக் கோப்புகளைப் படித்த நிரல்களும் குலைந்தன. 2003இல் 5.8.1 அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. விரும்புகிறவர்களுக்கு ஒரு சூழல் மாறி தரப்பட்டது. அதாவது நான்காம் விடையிலிருந்து இரண்டாம் விடைக்கு இறங்கினார்கள்.

அடுத்தவர்கள் பொறுமையாக நடந்தார்கள். ரூபி 3.0 விண்டோஸில் யுடிஎஃப்-8ஐ இயல்பாக்கியது 2020 டிசம்பரில். ஜாவா 18, 2022 மார்ச்சில். அடுத்த மாதமே ஆர் 4.2.0. ஜாவா பழைய நடத்தை வேண்டுவோருக்கு ஒரு கொடியை விட்டுவைத்தது. திரையில் அச்சிடும் குறியேற்றத்தைத் தொடாமல் கணினியின் போக்குக்கே விட்டது. பைத்தானில் இனாதா நாவோகி முன்மொழிந்த திட்டம் இன்னும் நிதானமானது. குறியேற்றம் சொல்லாமல் கோப்பைத் திறக்கும் இடங்களைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கை 2021இல் 3.10ஆம் பதிப்பில் வந்தது. யுடிஎஃப்-8 நிலை இயல்பாவது 3.15ஆம் பதிப்பில் என்று முடிவானது. பைத்தான் 3 வெளியானதோ 2008இலேயே.

இந்தத் தரப்பின் பலவீனம் காலம். மொழி மாறினாலும் நிறுவப்பட்டவை மாறுவதில்லை. ஜாவா 8 இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடுகிறது. பழைய கணினிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் புதிய இயல்பிருப்பு போய்ச் சேர்வது கடைசியாகத்தான்.

ஐந்தாம் விடை: நிரலுக்குள்ளேயே எழுதுவது

எந்த இயல்பிருப்பையும் நம்பாமல், கோப்பைத் திறக்கும் வரியிலேயே குறியேற்றத்தைக் குறிப்பிடுவது. இதில் மறைவு இல்லை, நிரல் எங்கே போனாலும் கூடவே போகும், பழைய பதிப்பிலும் ஓடும். முத்து அண்ணாமலை பைத்தானில் உருவாக்கிய எழில் நிரல்மொழியை எண்ணிப் பார்த்தால் இதன் அவசியம் புலப்படும். 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' போன்றவை அதன் கட்டளைச் சொற்கள். முதல் இரண்டிலும் புள்ளி, மூன்றாவதில் உகரம். அப்படிப்பட்ட நிரலை 1252 முறையில் திறக்க முயன்றால் எந்தக் கட்டளையையும் தாண்ட முடியாது. தமிழ்ச் சொற்களால் ஆன மொழிக்குக் குறியேற்றம் அடித்தளம்.

இதன் குறை, ஒருவர் எழுதாத வரிகளுக்கு இது உதவாது என்பது. நாம் பயன்படுத்தும் நூலகத்தின் உள்ளே எவரோ குறியேற்றம் சொல்லாமல் திறந்த கோப்பு நம் கட்டுப்பாட்டில் இல்லை. அந்த நூலகம் திருந்தும்வரை சூழல் மாறிதான் கைகொடுக்கும்.

மதிப்பீடு

இந்த ஐந்து விடைகளும் ஒரே கேள்விக்கு உரியவை என்று கருதியதில்தான் குழப்பம் தொடங்கியது என்று தோன்றுகிறது. தொடக்க அமைப்புகளில் இரண்டு வகை உண்டு. ஜாவா இயல்பாகக் கணினியின் நினைவகத்தில் நான்கில் ஒரு பங்குவரை எடுத்துக்கொள்ளும். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் வேகத்தைத்தான் பெரும்பாலும் பாதிக்கும், விடையைப் பாதிக்காது. அந்தக் கணினியை அறிந்த நிர்வாகிதான் அதைத் தீர்மானிக்கத் தகுந்தவர். சூழல் மாறியும் நிர்வாகக் கோப்பும் அதற்குச் சரியான இடங்கள். எழுத்துக் குறியேற்றம் அப்படியல்ல. அது மாறினால் விடையே மாறுகிறது, பெயரே மாறுகிறது. அதை நிரலோடு பயணிக்கும் இடத்தில், முடிந்தால் மொழியின் இயல்பிருப்பாகவே, வைக்க வேண்டும் என்பதற்கு ரெஜிஸ்டர் குளோபல்ஸ் முதல் பைத்தான் 3.15 வரையான வரலாறு வலுவான சான்று தருகிறது. பெர்ல் மொழியின் தோல்வியும் இதற்கு எதிர்ச்சான்றல்ல. அது இயல்பிருப்பை யுடிஎஃப்-8 என்று நிலையாக வைக்கவில்லை, கணினியின் மொழியமைப்போடு கட்டிவிட்டது.

இந்தப் பிரிவினை எல்லா இடத்திலும் சுத்தமாக விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பைத்தான் 3.3 பாதுகாப்புக்காக ஹாஷ் மதிப்புகளைத் தொடக்கத்திலேயே கலைத்துப் போடத் தொடங்கியது. அதனால் செட் எனப்படும் கணத்தில் உள்ள பெயர்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு வரிசையில் வரலாம். அது வேகம் சார்ந்ததா, விடை சார்ந்ததா? இரண்டு தரப்பும் பேச இடமிருக்கிறது.

குறியேற்றத்திலேயேகூடச் சில வாசல்கள் திறந்தே கிடக்கின்றன. எக்செல் யுடிஎஃப்-8 என்று சேமிக்கும் பட்டியலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தை வைக்கிறது. யுடிஎஃப்-8ஐ இயல்பாகப் படிக்கும் நிரல் முதல் நெடுவரிசையின் பெயரோடு அதையும் சேர்த்துக்கொள்ளும். 1252இலும் தஸ்கியிலும் சேமித்துக் கிடக்கும் பழைய கோப்புகளுக்குப் புதிய இயல்பிருப்பு எந்த வழியும் சொல்வதில்லை. இன்னொன்று, எழுத்தை எண்ணுவது. எல்லாம் சரியாக அமைந்த பைத்தானிலும் 'முத்து' என்ற சொல்லின் நீளம் ஆறு என்றே விடை வரும், தமிழ் படிக்கும் குழந்தை மூன்று என்று சொல்லும். எழிலோடு பிறந்த ஓப்பன்-தமிழ் நூலகம் அதைச் சரியாகப் பிரிக்கிறது, ஆனால் மொழிகளின் இயல்பிருப்பில் அந்த அறிவு இல்லை.

தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள். சோதனைப் பட்டியலில் முத்துவையும் ஏகாம்பரத்தையும் ஐயப்பனையும் சேர்த்து, உங்கள் அமைப்பு எதுவும் செய்யப்படாத வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். மாலாவும் ராதாவும் மட்டும் இருக்கும் பட்டியலில் பிழை தெரியாது.